ஃபார்மட் செய்யாதீர்கள், முதலில் பதிவைப் படியுங்கள்

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் வேலைக்கு நடுவே தானாக மூடிக்கொள்கிறது. மறுபடி திறக்கிறோம், சற்று நேரத்தில் மறுபடியும் மூடிக்கொள்கிறது. சர்வீஸ் கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்." இந்தப் பதிலை நான் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். இப்படி மூடிக்கொள்ளும்போது, அதாவது கிராஷ் ஆகும்போது, பெரும்பாலும் கணினி தனக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு பதிவில் எழுதி வைக்கிறது. எந்த மென்பொருள், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்புக்குள், என்ன பிழையால் விழுந்தது என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். ஃபார்மட் செய்தால் அந்தக் குறிப்பும் சேர்ந்து அழிந்துபோகிறது. கோளாறு வன்பொருளில் இருந்தால் சில நாளில் அது திரும்பி வரும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வரலாறு கையில் இருக்காது.

விடாமல் கிராஷ் ஆவது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவருக்கு அது வசதி. எப்போதோ ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறையும் கோளாறைப் பிடிப்பது மிகக் கடினம். தினமும் வருவதை உட்கார்ந்து கவனிக்கலாம், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் கிராஷ் விவரங்களை அலசி 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வன்பொருள் கோளாறால் ஒரு முறை விழுந்த கணினி மீண்டும் விழும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியமான முடிவு. ஆகவே, "ஏதோ ஒரு தடவை ஆனது, விட்டுவிடு" என்பது வன்பொருள் விஷயத்தில் எடுபடாது.

என் அக்கா திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறார். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், பள்ளி வினாத்தாள், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி என்று எல்லாம் வரும். அழைப்பிதழ் ஒரு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள். கண்ணீர் அஞ்சலி அப்படியில்லை. இரவு பத்து மணிக்கு ஒருவர் அழுத கண்ணோடு வந்து, இறந்தவரின் புகைப்படத்தைக் கைபேசியில் காட்டி, பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். விடிவதற்குள் அச்சாகி ஊரில் ஒட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் வடிவமைப்பு மென்பொருள் மூடிக்கொண்டால் அக்காவின் நிலையை நினைத்துப் பாருங்கள். "பேரன் பேத்திகள் பெயர் முழுக்கத் தட்டச்சு செய்து முடித்தேன், அப்படியே போய்விட்டது. வந்தவரிடம் என்ன சொல்வது?" என்று தொலைபேசியில் கேட்டபோது அவர் குரலே சரியில்லை.

அது கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. முதலில் 8 ஜிபி ராம், அதாவது ஓடும் மென்பொருள்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், ஒன்று இருந்தது. வேகம் போதவில்லை என்று அதே கடையில் இன்னொரு 8 ஜிபி ராம் போட்டார்கள். போடும்போதே, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஃபார்மட்டும் செய்து கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் கிராஷ் தொல்லை பெரிதாயிற்று என்பது அக்காவின் நினைவு. "புதிதாகப் போட்ட ராம்தான் கோளாறு" என்று அத்தான் உறுதியாக நம்பினார். கடைக்காரரோ, விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது, இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்றார். கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருந்தவர்களை நான் ஊருக்கு வரும்வரை நிறுத்தி வைத்தேன்.

இம்மாதிரி நேரத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி, விழுவது ஒரே மென்பொருளா, பல மென்பொருள்களா என்பதுதான். வேறு எந்தக் கேள்வியும் இந்த அளவுக்கு வேலையைக் குறைப்பதில்லை.

ஒன்று மட்டும் விழுந்து மற்றவை நன்றாக ஓடினால், கோளாறு அந்த மென்பொருளிலோ அது தொட்டுப் புழங்கும் ஏதாவது ஒன்றிலோ இருக்க வாய்ப்பு அதிகம். டிடிபி செய்பவர்கள் கணினியில் அடிக்கடி மாட்டுவது எழுத்துருக்கள். யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி, டாம், டாப் வகை எழுத்துருக்களை ஒவ்வொரு அச்சகத்திலிருந்தும் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வந்து நூற்றுக்கணக்கில் நிறுவி வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று பழுதானால்கூட, எழுத்துருப் பட்டியலைத் திறந்த அந்தக் கணத்திலேயே வடிவமைப்பு மென்பொருள் விழுந்துவிடக்கூடும். ஒவ்வோர் எழுத்துருவையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாதி எழுத்துருக்களை எடுத்து வேறொரு கோப்புறையில் வையுங்கள். கிராஷ் நின்றால் குற்றவாளி எடுத்த பாதியில் இருக்கிறது; நிற்காவிட்டால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் எழுத்துருக்கள் இருந்தாலும் பத்தே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். பிரவுசர் மட்டும் விழுந்தால் அதன் நீட்சிகளையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம்.

விண்டோஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் அதே மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கே விழாவிட்டால், பழைய கணக்கில் சேர்ந்திருக்கும் அமைப்புகளில் ஏதோ கெட்டிருக்கிறது. படம், காணொளி சார்ந்த மென்பொருளாக இருந்தால் அதன் அமைப்புகளில், வேலையைக் கிராஃபிக்ஸ் அட்டையிடம் ஒப்படைக்கும் வன்பொருள் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் நின்றுவிட்டால் அந்த அட்டையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் போக வேண்டும். இவை எல்லாம் அரை மணி நேர வேலை. எதற்கும் ஃபார்மட் தேவையில்லை.

அக்காவின் கணினி இந்த வகையில் சேரவில்லை. வடிவமைப்பு மென்பொருள் விழுந்தது, பிரவுசர் விழுந்தது, பிடிஎஃப் திறக்கும் மென்பொருளும் விழுந்தது. ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது சில நேரம் "கோப்பு பழுது" என்று செய்தி வந்தது. அதே கோப்பை மறுபடி பிரித்தால் பழுதில்லாமல் பிரிந்தது. இந்தக் கடைசி விஷயத்தை அக்கா பேச்சுவாக்கில்தான் சொன்னார். என் காதில் விழுந்த எல்லாவற்றிலும் அதுதான் பெரிய தடயம். உண்மையிலேயே பழுதான கோப்பு எத்தனை முறை பிரித்தாலும் பழுதாகவே இருக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு வரலாற்றுப் பக்கம் திறக்கும். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது. ஆனால் இதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. நாள்வாரியாக ஒரு வரைபடம். மென்பொருள் விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதே நாளில் எந்த அப்டேட் வந்தது, எது நிறுவப்பட்டது என்பதும் கீழேயே தெரியும். ஒரு டிரைவர் மாறிய நாளிலிருந்து சிவப்புக் குறி தொடங்குகிறது என்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கூடுதல் விவரம் வேண்டுமானால், விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், 1000 என்ற எண்ணுள்ள பிழைகளைப் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு பிழைக் குறி இருக்கும். பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும் அந்த நீண்ட குறியின் கடைசி இலக்கங்களைப் பார்க்கப் பழகிக்கொண்டால் நிறைய விளங்கும். சி0000005 என்றால், தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியை மென்பொருள் தொடப் போயிருக்கிறது. அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். கடைசியில் 5-க்குப் பதில் 6 இருந்தால் சங்கதியே வேறு. தேவையான பகுதியை டிஸ்க்கிலிருந்து படித்து எடுக்க முடியவில்லை என்று பொருள்; உடனே ஹார்ட் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் சோதிக்க வேண்டும், அதற்கும் முன்னால் முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். சி000001டி என்றால் செயலிக்குப் புரியாத கட்டளை வந்திருக்கிறது. சி0000374 என்றால் மென்பொருள் பயன்படுத்திவந்த நினைவகப் பகுதி குலைந்திருக்கிறது.

பிழை நேர்ந்த கோப்பின் பெயரும் அங்கே இருக்கும். பலருக்கு அதில் என்டிடிஎல்எல் என்று தெரியும். உடனே இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த டிஎல்எல் கோப்பைப் பதிவிறக்கி நிறுவுகிறார்கள். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது விண்டோஸின் அடித்தளக் கோப்பு. ஓடும் எல்லா மென்பொருளும் அதன் வழியாகத்தான் போகிறது. அதனால் வேறெங்கோ நடந்த கேடு அங்கே வந்து வெடிக்கிறது. முகம் தெரியாதவர் தரும் டிஎல்எல் கோப்பை நிறுவினால், கிராஷ் போகாமல் இருப்பதோடு வைரஸும் வந்து சேரலாம்.

பிழைச் செய்தி சொல்வதை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு அண்மையில்தான் நடந்தது. இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளை வாங்கிய பலருக்கு விளையாட்டுகள் தொடர்ந்து விழுந்தன. திரையில் வந்த செய்தி, கிராஃபிக்ஸ் அட்டையில் நினைவகம் போதவில்லை என்றது. அதை நம்பி அட்டையையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. உண்மையில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறியதால் செயலியே சிதைந்துகொண்டிருந்தது. இன்டெல் 2024-ல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில், செயலிக்குள் ஓடும் அடிப்படை நிரலான மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சிதைந்துவிட்ட செயலியை அந்தத் திருத்தம் சரியாக்காது. அந்தத் தலைமுறைச் செயலி வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை இன்னும் புதுப்பிக்காமல் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதைச் செய்யலாம்.

அக்காவின் பதிவுக்கு வருகிறேன். ஒரு நாள் வடிவமைப்பு மென்பொருள், குறி 5. மறுநாள் பிரவுசர், புரியாத கட்டளை. அடுத்து பிடிஎஃப், குலைந்த நினைவகம். பிழை நேர்ந்த கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு. கோப்புக்குள் எந்த இடத்தில் என்று காட்டும் எண்ணும் வேறு. மென்பொருளில் உள்ள ஓட்டையால் விழுந்தால் பொதுவாக ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். இப்படிச் சிதறி விழுந்தால், எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக அடியில் இருக்கும் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ராம், செயலி, அல்லது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்.

மின்சாரத்தையும் சூட்டையும் நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். எஸ்எம்பிஎஸ் தள்ளாடினால் பெரும்பாலும் கணினி மொத்தமாக அணைந்து மறுபடி எழும். பதிவில் 41 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு இருக்கும். செயலி அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தாங்காவிட்டால் அணைந்துவிடும். அக்காவின் கணினி ஒரு முறைகூட அணையவில்லை. மென்பொருள்கள்தான் ஒவ்வொன்றாக விழுந்தன. சில நேரம் நீலத்திரை வந்தது, அதுவும் அரிதாக.

மிச்சம் ராம். ராமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமும், மிகச் சிறிய ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒரு முறை ஒவ்வொன்றையும் படித்து மறுபடி நிரப்புகிறார்கள். ஒரு 8 ஜிபி ராமில் இப்படி ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள். அவற்றில் ஒன்றே ஒன்று குறித்த நேரத்துக்கு முன்பே கசிந்து காலியானால் 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். சூடு கூடினால் கசிவும் கூடும். கோடையில், மதிய நேரத்தில் கிராஷ் அதிகமாகிறது என்று அக்கா சொன்னதற்கும் இதற்கும் பொருத்தம் இருந்தது.

ஒரு பிட் கெட்டால் எப்படி இத்தனை மென்பொருள் விழும் என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. கல்யாண மண்டபத்தில் கால் ஆடும் நாற்காலி ஒன்று கிடக்கிறது என்று வையுங்கள். அதில் யார் உட்காருகிறாரோ அவர் விழுவார். விழுந்தவர் மேல் குற்றமில்லை. விண்டோஸ் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து, கேட்கும் மென்பொருளுக்கெல்லாம் கொடுக்கிறது. கெட்ட பிட் உள்ள பக்கம் இன்று பிரவுசருக்குப் போகும், நாளை வடிவமைப்பு மென்பொருளுக்குப் போகும். அந்த இடத்தில் ஒரு முகவரி எழுதப்பட்டிருந்தால் மென்பொருள் தவறான இடத்தைத் தொட்டு விழும். கட்டளை இருந்தால் செயலிக்குப் புரியாது. புகைப்படத்தின் ஒரு புள்ளி இருந்தால் நிறம் சற்றே மாறும், யாருக்கும் தெரியாது. சேமிக்கக் காத்திருக்கும் கோப்பு இருந்தால், தவறு அப்படியே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். இந்தக் கடைசிதான் எனக்குப் பயம் தந்தது.

கருவி எதுவும் நிறுவாமலேயே ஒரு சோதனை செய்யலாம். ராமின் அளவைவிடப் பெரிய கோப்பு ஒன்று வேண்டும். அக்காவிடம் 40 ஜிபி பேக்கப் கோப்பு இருந்தது. கட்டளைச் சாளரத்தில், விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கட்டளையைக் கொண்டு அந்தக் கோப்பின் எஸ்எச்ஏ256 ஹாஷைக் கணக்கிடச் சொன்னேன். கோப்பின் எல்லா பைட்டுகளையும் படித்து 64 எழுத்துள்ள ஒரு வரியைத் தரும் கணக்கு அது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் வரி முழுவதும் மாறிவிடும். கோப்பைத் தொடாமல் மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தேன். இரண்டாவது வரி, முதல் எழுத்திலிருந்தே வேறாக இருந்தது. அதே கோப்பு, அதே கட்டளை, இரண்டு விடை. அக்கா வாயடைத்துப் போய்த் திரையைப் பார்த்தார். டிஸ்க் தவறாகப் படித்திருக்கலாமே என்று தோன்றும். டிஸ்க்கும் அதன் கேபிளும் தரவைச் சரிபார்த்தே அனுப்புகின்றன. படிக்க முடியாவிட்டால் பெரும்பாலும் பிழை என்று சொல்லும், சத்தமில்லாமல் தவறான தரவைத் தருவது அரிது.

அன்று மாலையே மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்க வைத்தேன். 2022-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து இது யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் புதிய கணினிகளிலும் ஓடுகிறது. சில கணினிகளில், அறியாத மென்பொருளிலிருந்து தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். விண்டோஸிலேயே ஒரு நினைவகச் சோதனை இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் அதோடு நிம்மதி அடைய வேண்டாம். மெம்டெஸ்ட்டை முழு இரவும் ஓடவிடுவதே சரி. யுபிஎஸ் இருந்ததால் நடுவில் மின்சாரம் போனாலும் கவலையில்லை.

காலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. அவற்றை வரிசையாகப் பார்த்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது. முகவரி ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். எழுதிய மதிப்பையும் திரும்பப் படித்த மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 32 பிட்டுகளில் 31 சரியாக இருந்தன. குறிப்பிட்ட அந்த ஒரு பிட் மட்டும் 1 வர வேண்டிய இடத்தில் 0.

எந்த ராம் என்று இன்னும் தெரியவில்லை. கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு இரண்டையும் கழற்றினேன். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ராமின் தங்க நிற முனைகளை அழிரப்பரால் தேய்த்துப் போடுவார்கள். அதில் பயன் உண்டு. ஈரக்காற்றில் முனைகளில் படியும் அழுக்கால் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் போகும். ஆனால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டில் விழக்கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இன்னும் நல்லது. முனைகளைத் துடைத்துவிட்டு, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தேன். பிழை வந்த ராமை அடுத்த ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ராம் கெட்டதா, மதர்போர்டு கெட்டதா என்று சொல்ல முடியாது.

புதிய ராமில் ஒரு பிழைகூட இல்லை. பழைய ராம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் அதே பிட்டைத் தவறவிட்டது. அத்தானுக்கு நம்பவே முடியவில்லை. "புதிது போட்ட பிறகுதானே எல்லாம் ஆரம்பித்தது?" என்றார். அதற்கு முன்னும் இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ரிலையபிலிட்டி வரலாறு. புதிய ராம் போட்ட அன்றே ஃபார்மட் செய்து அதை அழித்துவிட்டார்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பழக்கத்தால் நல்ல ராமைத் தூக்கி எறிந்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்ளும் நிலைக்கு ஒரு குடும்பம் வந்து நின்றது.

ராமை இயல்பைவிட வேகமாக ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். டிடிஆர்4 ராமின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 3600 போன்ற வேகம் பல நேரம் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கி, 1.35 வோல்ட் கொடுத்தால்தான் கிடைக்கும். அது ஓவர்கிளாக்கிங்தான், அதாவது இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. கடையிலேயே அதை இயக்கிக் கொடுத்துவிடுவார்கள், வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது. மைக்ரோசாஃப்டின் பொறியாளர் ரேமண்ட் சென் 2005-ல் ஓவர்கிளாக்கிங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். வந்து குவிந்த கிராஷ் அறிக்கைகளில் விழவே முடியாத கட்டளையில் விழுந்தவை இருந்தன. நினைவகத்தைத் தொடாத, செயலிக்குள்ளேயே ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கும் கட்டளை அது. விசாரித்தபோது பல கணினிகள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை; சிலவற்றின் உரிமையாளர்களுக்கே அது தெரியாது. அக்காவின் கணினியில் எக்ஸ்எம்பியை அணைத்தும் சோதித்தேன். இயல்பான வேகத்திலும் பிழை வந்தது. அதன் பிறகே ராமை மாற்றச் சொன்னேன். உங்கள் கணினியில் அதை அணைத்ததும் கிராஷ் நின்றால், செலவே இல்லாமல் விடை கிடைத்துவிட்டது. டிடிபி வேலைக்கு அந்தக் கூடுதல் வேகம் அவசியமே இல்லை.

எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு சரிபார்ப்பு பிட் இருந்தது. நினைவகத்தில் ஒரு பிட் தவறினால் கணினி உடனே பிழையைக் காட்டி நின்றுவிடும். விலையைக் குறைப்பதற்காக 1990-களில் அதை வீட்டுக் கணினிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். சர்வர் போன்ற கணினிகளில் மட்டும் பிழையைத் திருத்தும் ஈசிசி ராம் தொடர்ந்தது. நினைவகப் பிழை அரிது என்ற எண்ணத்தை 2009-ல் வந்த கூகுள் ஆய்வு உடைத்தது. அவர்களுடைய சர்வர்களில் ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம்கள் பிழை காட்டியிருந்தன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஈசிசியைச் சாதாரணக் கணினிகளுக்குத் தராததைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 2022-ல் அவருடைய கணினியிலேயே ஈசிசி இல்லாத ராம் ஒன்று கெட்டு, முதலில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில்தான் தவறு என்று சந்தேகிக்க வைத்தது. அவருக்கே அப்படியென்றால், திருநெல்வேலியில் அழைப்பிதழ் வடிவமைப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி வந்திருக்கிறது. ஆனால் சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியை அது காப்பதில்லை. எதைத் திருத்தியது என்று நம்மிடம் சொல்வதும் இல்லை. வீட்டில் சேமிக்கப்படும் கோப்பும் ஒருவரின் உழைப்புதான். அதைக் காக்கும் பிட்டை நமக்கு மறுப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பழைய ராமை எடுத்துவிட்டு, புதிய 8 ஜிபி ராமோடு மட்டும் கணினியை ஓட்டினோம். 40 ஜிபி கோப்பின் ஹாஷ் எத்தனை முறை கேட்டாலும் ஒரே வரியாக வந்தது. கெட்ட ராமோடு ஓடிய காலத்தில் விண்டோஸ் கோப்புகளும் தவறாக எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், அவற்றைச் சரிபார்த்து மாற்றும் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டினேன். ராமை மாற்றுவதற்கு முன்னால் இதை ஓட்டியிருந்தால் நல்ல கோப்பையும் கெடுத்திருக்கலாம். பழுதின் காரணம் உள்ளே இருக்கும்போது எதையும் பழுதுபார்க்கக் கூடாது. ராம்களுக்கு நீண்ட கால உத்தரவாதம் தரும் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. அக்கா பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார். சிவப்பு வரிகளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினோம். மாற்று ராம் வந்தது. அதையும் ஓர் இரவு மெம்டெஸ்ட்டில் ஓடவிட்டுத்தான் போட்டோம்.

கோப்புகளைச் சோதிப்பதுதான் நீண்ட வேலையாக இருந்தது. கிராஷ் ஆன மாதங்களில் சேமித்த வடிவமைப்புகளை அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பெரும்பாலானவை சரியாகத் திறந்தன. சிலவற்றில் புகைப்படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகியிருந்தது. அவற்றுக்கு மூலப் படம் வாட்ஸ்அப்பில் கிடைத்தது. சில திறக்கவே மறுத்தன. அவற்றின் முந்தைய வடிவம் வெளிப்புற டிஸ்க்கில் இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். மற்றவற்றுக்கு அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப் மட்டுமே மிச்சம். அந்த வாடிக்கையாளர்கள் மறுபடி வரும்போது, பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா புதிதாகத் தட்டச்சு செய்துகொள்கிறார்.